அமெரிக்க ஃபாரஸ்ட் ரோடு ரிவ்யூ: ஓடுற ரோடுக்கு மூணு ஸ்டார், ஒழுங்கா மூடுன ரோடுக்கு அஞ்சு

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் இருக்க நம்ம மக்கள் ஜூன் பொறந்தா போதும், குரூப்ல ஒரே கேள்விதான், வருஷத்துக்கு 30 டாலர் குடுத்து நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் (காட்டுல வண்டி நிறுத்துற அனுமதிச் சீட்டு) வாங்குறோமே, அப்புறம் ஏங்க டிரெயில்ஹெட், அதாவது மலை நடை ஆரம்பிக்கிற எடத்துக்குப் போற ரோடு மட்டும் இப்படி குழியும் கல்லுமா கெடக்குன்னு. ஒருத்தர் டெஸ்லா எடுத்துட்டுப் போலாமான்னு கேப்பாரு, இன்னொருத்தர் நான் கொரோலாலயே போயிட்டு வந்துட்டேன்னு பெருமை அடிப்பாரு, மூணாவது ஆளு பெரிய எஸ்யூவி வாங்குறதுக்கு வீட்ல இதையே காரணமா சொல்லி சம்மதம் வாங்கிருவாரு. சரி, இந்த ரோடு சர்வீஸுக்கே ஒரு முழு ரிவ்யூ எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். நான் காலேஜ்ல சிவில் படிச்சிட்டு கோடு எழுதப் போன ஆளு, மலைக்குப் போனா எல்லாரும் சிகரத்தைப் பாத்து போட்டோ எடுப்பாங்க, நான் ரோட்டோரம் குனிஞ்சு, அடியில தண்ணி தாண்டிப் போக வெச்ச கல்வர்ட் பைப்புக்குள்ள எட்டிப் பாத்துட்டு நிப்பேன், அந்தப் பார்வையிலதான் இது இருக்கும்.

மொதல்ல காசு விஷயம். அந்த 30 டாலர் பாஸ் ரோடு போடுறதுக்கு இல்லைங்க. 2004ல வந்த ஒரு சட்டத்துல, வசூல் பண்ற கட்டணத்துல 80 சதவீதமாவது வசூலான இடத்துலயே செலவாகணும்னு இருக்கு, அது பெரும்பாலும் டாய்லெட், பார்க்கிங், பிக்னிக் டேபிள், டிரெயில் வேலை, போர்டுன்னு போயிரும். மலை மேல இருபது மைல் மண் ரோடைப் பராமரிக்க அது எந்த மூலைக்கு? ரோடுக்கான காசு வாஷிங்டன் டிசியில காங்கிரஸ் ஒதுக்குறது. இன்னொண்ணு, இந்த ரோடுங்களை வெச்சிருக்க மத்திய அரசு காட்டு இலாகாவான ஃபாரஸ்ட் சர்வீஸ், நேஷனல் பார்க் ஆளுங்களோட ஒரே டிபார்ட்மென்ட்டுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, இல்ல, இது விவசாயத்துறைக்குக் கீழ வருது. ஏன்னா அவங்க கணக்குல மரமும் ஒரு வெள்ளாமைதான். இது புரிஞ்சாதான் இந்த ரோடெல்லாம் ஏன் இப்படி இருக்குன்னு புரியும்.

நாடு முழுக்க ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில இருக்க ரோடு சுமார் 3,70,000 மைல். இன்டர்ஸ்டேட் ஹைவே மொத்தமும் சேத்தாலே 50,000 மைல் வராது. இவ்வளவு ரோடு நாம ஹைக்கிங் போறதுக்குன்னு யாரும் போடலை, லாரி போய் மரம் எடுத்துட்டு வரப் போட்டது. ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் ஊரெல்லாம் வீடு கட்டுன காலத்துல மரம் தேவைப்பட்டுச்சு, மரத்தை ஏலம் எடுத்த கம்பெனியே ரோடை வெட்டிக்கும், அந்தச் செலவை மரத்தோட விலையில கழிச்சுக்குவாங்க. 1980களோட கடைசியில வருஷத்துக்கு 12 பில்லியன் போர்டு ஃபீட்டுக்கு (ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலத் தடிமன் பலகைதான் ஒரு போர்டு ஃபூட்) மேல வெட்டிட்டு இருந்தாங்க. அப்புறம் 1990ல பழைய காட்டுல வாழுற புள்ளி ஆந்தையை அழிவு அபாயப் பட்டியல்ல சேத்தாங்க, 1991ல சியாட்டில் ஜட்ஜ் வில்லியம் டுவையர் அந்த ஆந்தை இருக்க காட்டுல மரம் விக்கத் தடை போட்டாரு, 1994ல இந்தப் பக்கக் காடுகளுக்கான நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பிளான் வந்துச்சு, வெட்டுறது படார்னு கொறைஞ்சு போச்சு. மரம் வெட்டுறது கொறைஞ்சதும் அதுல வந்த காசும் கொறைஞ்சுச்சு, ரோட்டை சமப்படுத்துற கிரேடர் வண்டி ஓட்டுற ஆளும் கொறைஞ்சாச்சு, ஆனா ரோடு மட்டும் எங்கயும் போகலை, அங்கயேதான் இருக்கு, மழையும் வருஷா வருஷம் அதே மழைதான் பெய்யுது. இன்னிக்கு ரோடு வேலையில மட்டும் பாக்கி மூணு பில்லியன் டாலருக்கு மேல நிக்குது.

அதனால எல்லா ரோட்டையும் ஒரே மாதிரி பாத்துக்க முடியாதுன்னு அவங்களே அஞ்சு லெவலா பிரிச்சு வெச்சிருக்காங்க. லெவல் 5ன்னா தார் போட்ட சொகுசு ரோடு, 4 அதுக்கு ஒரு படி கீழ, 3 வரைக்கும் சாதா கார் மெதுவா போலாம். லெவல் 2ன்னா தரையில இருந்து உயரமா இருக்க வண்டிதான் போகணும், அதுல குழி இருக்கு கல்லு இருக்குன்னு கம்ப்ளைன்ட் பண்றதுல அர்த்தமே இல்ல, அது அப்படித்தான் இருக்கணும்னு எழுதியே வெச்சிருக்காங்க. லெவல் 1ன்னா ஒரு வருஷத்துக்கு மேல மூடி வெச்சிருக்க ரோடு. மொத்த நீளத்துல சாதா கார் போற ரோடு அஞ்சுல ஒரு பங்குகூட வராது. இதுல நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன், ரோடு ஆரம்பத்துல நம்பர் போட்ட சின்ன போர்டு இருக்கும் பாருங்க, நம்பர் படுக்கை வசத்துல எழுதியிருந்தா கார் போலாம், மேலிருந்து கீழ செங்குத்தா எழுதியிருந்தா சாதா கார் வேணாம்னு அர்த்தம். இவ்வளவுதான். கூகுள் மேப் எல்லாத்தையும் ஒரே மாதிரி கோடா காட்டும், போர்டு நேர்மையா சொல்லிரும். இந்த போர்டு முறைக்கு மட்டும் தனியா அஞ்சு ஸ்டார் குடுக்கலாம், ஆனா அதோட அர்த்தம் என்னன்னு போர்டுலயே ஒரு வரி எழுதி வெச்சா என்ன கொறைஞ்சு போகும்னு தெரியல.

இப்ப ரோடு ரோடா வரேன்.

மவுன்டன் லூப் ஹைவே. கிரானைட் ஃபால்ஸ்ல ஆரம்பிச்சு டாரிங்டன் போற ரோடு, நடுவுல பார்லோ பாஸ் தாண்டுனதும் சுமார் 14 மைல் மண் ரோடு. சாக் ஆத்தை ஒட்டியே போகும், ஒடுக்கம், எதிர்ல வண்டி வந்தா யாராவது ஒருத்தர் ஒதுங்கணும். 2003 அக்டோபர் வெள்ளத்துல பல எடத்துல பிச்சுக்கிட்டுப் போய் 2008லதான் திரும்பத் திறந்தாங்க. குளிர்காலத்துல மேல் பகுதியை மூடிருவாங்க, அது பராமரிப்பு இல்லாம இல்ல, பனி. கார்ல போலாம், அவசரப்படாம போனா ஒண்ணும் ஆகாது. குழி இருக்கும், ஆனா தண்ணி ரோட்டு மேல ஓடுன தடம் கம்மி, அதுதான் எனக்கு முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன். மூணரை.

மிடில் ஃபோர்க் ஸ்னோக்வால்மி. இது ஒரு காலத்துல குழிக்குப் பேர் போன ரோடு, 2010களோட நடுவுல வேலை ஆரம்பிச்சு தார் போட்டுட்டாங்க, இப்ப குடும்பத்தோட பாட்டி தாத்தாவைக் கூட்டிட்டுப் போலாம். அதோட விளைவு என்னன்னா சனிக்கிழமை காலையில பார்க்கிங்கே கெடைக்காது. ரோடு மோசமா இருந்தப்ப கூட்டத்தை அந்தக் குழிங்கதான் கட்டுப்படுத்திட்டு இருந்துச்சுன்னு இப்பதான் தெரியுது. தார் முடிஞ்சு டிங்ஃபோர்ட் க்ரீக் பக்கம் மேல போனா பழைய மண் ரோடு அப்படியே இருக்கு, அதுக்கும் மேல கேட் போட்டுட்டாங்க, நடந்தோ சைக்கிள்லயோதான் போகணும். ரோடுக்கு நாலு, கூட்டத்துக்கு ஒண்ணு.

சுயாட்டில் ரிவர் ரோடு, நம்பர் 26. நம்ம ஊரு பேரு மாதிரியே கேக்கும், சியாட்டில் இல்ல, சுயாட்டில். டாரிங்டனுக்கு வடக்க, கிளேசியர் பீக் காட்டுக்குள்ள போறவங்களுக்கு இதுதான் வாசல். 2003 வெள்ளத்துல அடிச்சிட்டுப் போச்சு, 2006ல திரும்பவும் அடி, கடைசியா 2014லதான் முழுசாத் திறந்தாங்க. பத்து வருஷத்துக்கு மேலங்க! நடுவுல கேஸ் எல்லாம் நடந்துச்சு, ஆத்தோரமாவே திரும்பக் கட்டுனா திரும்ப அடிச்சிட்டுத்தான் போகும், மீனுக்கும் கெடுதின்னு ஒரு பக்கம், எங்க பரம்பரையா நடந்த எடத்துக்கு வழி வேணும்னு இன்னொரு பக்கம். கடைசியில சில எடத்துல ரோட்டை ஆத்துல இருந்து தள்ளி வெச்சுக் கட்டுனாங்க. லேட்டானாலும் அந்த முடிவு சரி. ஆறு எந்தப் பக்கம் திரும்பும்னு நாம சொல்ல முடியாது, அதுக்கு எடம் விட்டுட்டு ஒதுங்குறதுதான் புத்தி.

இப்ப பராமரிப்பு நல்லா இருக்கா இல்லையான்னு எதை வெச்சு சொல்றது? நம்ம ஆளுங்க குழியை எண்ணுவாங்க. குழி ஒரு பெரிய விஷயமே இல்ல. கிரேடர்னு நீளமான மூக்கோட ஒரு வண்டி வரும், அடியில சாய்வா பிளேடு, அது குழியோட அடி ஆழம் வரைக்கும் வெட்டி எடுத்து, கலைச்சு, திரும்பப் பரப்பி அழுத்தணும். குழிக்குள்ள சும்மா கிராவலைக் கொட்டி மூடிட்டுப் போனா மொத மழையிலயே நாலு வண்டி போனதும் அது வெளிய வந்துரும், குழி அதே எடத்துல அதே சைஸ்ல இருக்கும். இதுல ஈரம் ரொம்ப முக்கியம், காஞ்ச ரோட்ல கிரேடர் ஓட்டுனா பொடியெல்லாம் பறந்துரும், கல்லு தனியா நிக்கும், இறுகாது. அதனால விஷயம் தெரிஞ்சவங்க வசந்த காலத்துலயோ மழை ஆரம்பிக்கிறப்பவோதான் ஓட்டுவாங்க. ஆகஸ்ட்ல ரோடு வரிவரியா அலை மாதிரி ஆகி வண்டி தடதடன்னு ஆடுது பாருங்க, அதுக்குப் பாதி காரணம் நாமதான், காஞ்ச ரோட்ல வேகமா போனா சக்கரம் குதிச்சுக் குதிச்சு அந்த வரியை உண்டாக்குது, மெதுவா போனா அது இவ்வளவு சீக்கிரம் வராது.

கிரேடர் ஆபரேட்டர் நல்ல ஆளான்னு பாக்க ஒரு வழி இருக்கு. வேலை முடிச்சிட்டுப் போன ரோட்டோட ஓரத்துல நீளமா மண் வரப்பு மாதிரி நிக்குதான்னு பாருங்க. நின்னா வேலை சரியில்ல. அந்த வரப்பு மழைத் தண்ணியை ரோட்டை விட்டு எறங்க விடாது, தண்ணி ரோட்டு மேலயே நீளமா ஓடி ஓடி அறுத்துரும். மண் ரோடுல இருக்க மொத்த வித்தையும் இதுதான், தண்ணியை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு கொஞ்சம் கொஞ்சமா வெளிய எறக்கி விடுறோம்கிறது. நம்மூர்ல கண்மாய்க்கு கரை எவ்வளவு பலமா இருந்தாலும் கலிங்கு சரியில்லைன்னா ஒரு ராத்திரி மழைக்குத் தாங்காது, அதே கணக்குதான் இங்கயும். ரோட்டை வெளிச்சரிவுப் பக்கம் லேசா சாய்ச்சு விடுவாங்க, இல்ல நடுவுல முதுகு மாதிரி தூக்கி ரெண்டு பக்கமும் விடுவாங்க, இல்ல மலைப் பக்கம் வாய்க்கால் எடுத்து அங்கங்க பைப்பு வெச்சு ரோட்டுக்குக் கீழ தாண்டி விடுவாங்க. சில எடத்துல ரோடு லேசா எறங்கி ஏறும், வண்டி ஒரு தொட்டில்ல எறங்குன மாதிரி தோணும், அது மோசமான ரோடு இல்ல, தண்ணி குறுக்க போறதுக்குன்னே அளவு பாத்து வெட்டுனது. பைப்பு அடைக்கும், இந்த எறக்கம் அடைக்காது.

பைப்பு அடைச்சா என்ன ஆகும்னு கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா மொத்தக் கதையும் இங்கதான் இருக்கு. ஒரு சின்ன ஓடை, அது மேல ரோடு, ரோட்டுக்கு அடியில ஒரு இரும்பு பைப்பு. 1960, 70ல வெச்சது, அன்னிக்கு பைப்பு அளவெல்லாம் சின்னது. நவம்பர் மழையில மேல இருந்து மரத்துண்டு, கல்லு, சேறு எல்லாம் வந்து வாயை அடைச்சிருது. தண்ணி மேல ஏறும். ரோடு அந்த எடத்துல ஒரு பக்கம் எறக்கமா இருந்தா ஓடை தன் வழியை விட்டுட்டு ரோட்டு மேலயே ஓட ஆரம்பிச்சிரும், அரை மைல் தள்ளி எங்கயாவது வெளிய பாயும், அங்க ஓடையே இருந்ததில்ல, வெறும் மண் சரிவு, மொத்தமும் பிச்சுக்கிட்டு கீழ போகும். அப்படி இல்லைன்னா ரோட்டுக்குப் போட்ட மண் மொத்தமும் கரைஞ்சு ஓடையோட போயிரும். அதனாலதான் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பிளான்ல புதுசா வைக்கிற கல்வர்ட் நூறு வருஷத்துல ஒரு தடவை வர்ற அளவு வெள்ளத்தைத் தாங்கணும்னு எழுதியிருக்காங்க. புதுசா வெச்ச எடங்களைப் பாத்தா வித்தியாசம் கண்ணுல படும், பெரிய வளைவு, அடியில இரும்பே இல்ல, ஓடையோட மணலும் கல்லும் அப்படியே தொடர்ச்சியா போகும், ரோடு இருக்கறதே ஓடைக்குத் தெரியாத மாதிரி. இந்த வேலைக்கு அஞ்சு ஸ்டார், கண்ணை மூடிட்டு.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு. அந்தக் காலத்துல செங்குத்தான சரிவுல ரோடு வெட்டுறப்ப மேல் பக்கம் வெட்டுன மண்ணை கீழ் பக்கம் தள்ளி, அதுக்கு முட்டுக்கொடுக்க வெட்டுன மரத்தையும் வேரையும் கூடவே பொதைச்சு வெச்சுட்டாங்க. முப்பது நாப்பது வருஷத்துல அந்த மரம் உள்ளுக்குள்ளயே மக்கிப் போச்சு. மேல இருந்து பாத்தா ரோடு ஸ்ட்ராங்கா தெரியும், ஓரத்துல லேசா ஒரு வெடிப்பு மட்டும் இருக்கும். ஒரு பெரு மழையில மொத்தமும் நனைஞ்சு எடை கூடி சரியும். ஐடஹோல கிளியர்வாட்டர் காட்ல 1995-96 குளிர்கால மழையில நூத்துக்கணக்குல மண்சரிவு, அதுல பாதிக்கு மேல ரோடு சம்பந்தப்பட்டதுன்னு கணக்கெடுத்தாங்க. அதுக்கப்புறம் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களும் ஃபாரஸ்ட் சர்வீஸும் சேந்து அங்க ரோடு எடுக்குற வேலையை பெரிய அளவுல பண்ணாங்க. பழங்குடி மக்கள் ஏன் உள்ள வந்தாங்கன்னா மீனு. சால்மன் கூழாங்கல்லுக்குள்ள குழி பறிச்சு முட்டை போடும், கல்லுக்கு நடுவுல தண்ணி ஓடுனாதான் முட்டைக்கு மூச்சு. ரோட்டுல இருந்து வர்ற மெல்லிய சேறு அந்த எடைவெளியை அடைச்சிட்டா முட்டை செத்துரும். பைப்போட வாய் ஓடையை விட ரெண்டு அடி உயரத்துல தொங்குனா மேல ஏற வந்த மீன் அங்கயே நின்னுரும். நம்ம பக்கத்துல ப்யூஜெட் சவுண்ட் சினூக் சால்மனை 1999ல ஆபத்துல இருக்க இனம்னு பட்டியல்ல சேத்தாங்க. மீன் போக வழி விடாத வாஷிங்டன் ஸ்டேட் ரோடு கல்வர்ட்டுங்க மேல, பழங்குடிகளோட மீன்பிடி உரிமைக்காக நடந்த கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2018ல 4-4ன்னு சமமா வந்து, கீழ் கோர்ட் சொன்ன மாதிரி பழங்குடிகள் பக்கமே நின்னுச்சு. அது ஃபாரஸ்ட் சர்வீஸ் கேஸ் இல்ல, ஸ்டேட் ஹைவே கேஸ், ஆனா ஒரு பைப்போட உயரம் உரிமைப் பிரச்சனை ஆகும்னு அன்னிக்குத்தான் எல்லாருக்கும் உறைச்சுது.

சரி, இதுக்கெல்லாம் வழி என்ன? எல்லா ரோட்டையும் பராமரிக்க காசு இல்ல, அப்ப தேவையில்லாததை மூடணும். இங்கதான் எனக்கும் நம்ம குரூப் மக்களுக்கும் சண்டை. ரோடு மூடுனா சர்வீஸ் போச்சுன்னு நெனைக்கிறாங்க. நான் சொல்றேன், ஒழுங்கா மூடுறதுதான் இந்த சர்வீஸ்லயே உருப்படியான பகுதி. ஆனா "ஒழுங்கா"ங்கறது முக்கியம்.

மோசமான மூடல் எப்படி இருக்கும்னா, ரோட்டு ஆரம்பத்துல ஒரு கேட், இல்ல ரெண்டு பாறாங்கல்லு, இல்ல ஒரு மண்மேடு, அவ்வளவுதான். வண்டி போகாது, சரி. ஆனா உள்ள இருக்க முப்பது பைப்பும் அப்படியே இருக்கு, இனிமே அதை எட்டிப் பாக்க யாரும் வர மாட்டாங்க. தெறந்திருந்தப்பவாவது யாராவது போறப்ப பாத்து அடைப்பு எடுத்திருப்பாங்க. இது மூடுனது இல்ல, கைவிட்டது. ஒரு ஸ்டார். அதுவும் இந்த மண்மேட்டை சுத்தி நாலு சக்கர பைக் ஆளுங்க புது வழி போட்டுருவாங்க, புது வழி இன்னும் மோசமா அறுக்கும்.

அடுத்தது, இப்ப வேணாம் ஆனா பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு வேணும்னு நெனைக்கிற ரோடு. இதுல ஓடையில இருக்க பைப்பை எடுத்துருவாங்க, ரோட்டுக்குக் குறுக்க சாய்வா ஆழமா வெட்டு வெட்டி விடுவாங்க, எறக்கம் ஜாஸ்தியா இருந்தா வெட்டு நெருக்கமா வரும், கம்மியா இருந்தா தள்ளித் தள்ளி. பத்து சதவீத எறக்கம்னா ஏறக்குறைய எண்பது அடிக்கு ஒண்ணு, அஞ்சு சதவீதம்னா நூத்தி முப்பது அடிக்கு மேல விடலாம். அந்த வெட்டு நேரா குறுக்க இருக்கக் கூடாது, சாய்வா இருந்தாதான் தண்ணி தேங்காம வழுக்கி வெளிய போகும், வெளிய விழுற எடத்துல கல்லு இருக்கணும். ரோட்டு உடம்பு அப்படியே இருக்கும், வேணும்னா பைப்பு வெச்சு திரும்ப ஓட்டலாம், அதுவரைக்கும் தன்னைத்தானே பாத்துக்கும். நாலு ஸ்டார்.

கடைசி வகைதான் நான் ரசிச்சு ரசிச்சு பாக்குறது, ரோட்டையே எடுத்துர்றது. எக்ஸ்கவேட்டர் ரோட்டோட கடைசிக்குப் போய் அங்கிருந்து பின்னாடியே வரும், ஏன்னா எடுத்த ரோட்டு மேல திரும்பி வர முடியாதே. மொதல்ல ரோட்டு மேற்பரப்பைக் கிளறி விடும், பல வருஷம் லாரி போய் இறுகுன மண்ணுல எந்த விதையும் மொளைக்காது, ஒண்ணரை ரெண்டு அடி ஆழத்துக்கு உடைக்கணும். அப்புறம் கீழ் பக்கம் தள்ளி வெச்ச மண்ணை எல்லாம் வாரி மேல் பக்கம் வெட்டுன சுவத்துல சாய்ச்சு பழைய மலைச்சரிவாவே ஆக்கும். ஓடை இருக்க எடத்துல பைப்பை எடுத்து, போட்ட மண்ணு அத்தனையும் அள்ளி, பழைய ஓடை மட்டம் வர்ற வரைக்கும் தோண்டும். பழைய மட்டம் எதுன்னு எப்படித் தெரியும்? கறுத்த மேல்மண்ணு, பழைய மரத்தோட அடிக்கட்டை, உருண்ட கல்லு வரிசை, இதெல்லாம் அடியில இன்னும் அப்படியே இருக்கும், நல்ல ஆபரேட்டர் பக்கெட் நுனியிலயே அதைக் கண்டுபிடிச்சிருவாரு. முடிச்சிட்டு வைக்கோல் பரப்பி, மரத்துண்டுகளை குறுக்கும் நெடுக்கும் போட்டுட்டு போயிருவாங்க. மழை அதிகமான மேற்குப் பக்கம்னா கொஞ்ச வருஷத்துல ஆல்டர் மரம் அடர்த்தியா வந்துரும், அது காத்துல இருக்க நைட்ரஜனை மண்ணுக்குக் குடுக்கும், அதுக்கு அடியில மத்த மரம் மெதுவா வரும். அப்புறம் அங்க ரோடு இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. இந்த சர்வீஸ்ல நீங்க பாக்க முடியாத வேலைதான் நல்ல வேலை, அதனாலதான் யாரும் ரிவ்யூ எழுதுறதில்லன்னு நெனைக்கிறேன்.

இதை மொதல்ல பெரிய அளவுல பண்ணது கலிஃபோர்னியா ரெட்வுட் நேஷனல் பார்க். 1978ல பார்க்கோட 48,000 ஏக்கர் சேத்தாங்க, பெரும்பகுதி வெட்டி முடிச்ச காடு, உள்ள லாரி ரோடு வலை மாதிரி. கீழ இருக்க உயரமான மரங்களை மேல இருந்து வர்ற சேறு கொன்னுரும்னு பயந்து ரோடெல்லாம் எடுக்க ஆரம்பிச்சாங்க, எப்படி எடுக்கறதுங்கற வித்தையை பெரும்பாலும் அங்கதான் கத்துக்கிட்டாங்க. ஃபாரஸ்ட் சர்வீஸ்ல இதுக்குன்னு தனி காசு வந்தது 2008ல, லெகஸி ரோட்ஸ் அண்ட் டிரெயில்ஸ்னு ஒரு திட்டம், நம்ம வாஷிங்டன் ஸ்டேட் காங்கிரஸ் மெம்பர் நார்ம் டிக்ஸ் முயற்சியில வந்தது. நடுவுல கொஞ்ச வருஷம் அதுக்குத் தனி ஒதுக்கீடு இல்லாம போச்சு, 2021 இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சட்டத்துல அஞ்சு வருஷத்துக்கு 250 மில்லியன் ஒதுக்குனாங்க. பாக்கி பில்லியன் கணக்குல இருக்கப்ப இது கடல்ல கரைச்ச பெருங்காயம்தான், ஆனா இந்தக் காசுல ஓடைக்கு ஓடை வேலை நடந்திருக்கு.

எதிர்ப்பக்கமும் சொல்லிரணும். ரோடு மூடுனா வயசானவங்க, நடக்க முடியாதவங்க போக முடியாது, காலங்காலமா ஹக்கிள்பெரின்னு ஒரு காட்டுப் பழம் பறிக்கப் போன பழங்குடிக் குடும்பங்களுக்கும் வழி போகும், இது நியாயமான கவலை. காட்டுத்தீ வந்தா வண்டி எப்படிப் போகும்னும் கேப்பாங்க, அதுவும் சரிதான், ஆனா மனுஷனால பத்துற தீ பெரும்பாலும் ரோட்டோரமாத்தான் ஆரம்பிக்குதுன்னு அதே மூச்சுல சொல்லணும். எது வேணும் எது வேணாம்னு ரோடு ரோடா பாத்து முடிவு பண்றதுதான் கஷ்டமான வேலை. முடிவே பண்ணாம விட்டா ஆறு முடிவு பண்ணிரும். ஒலிம்பிக் பக்கம் டோஸ்வாலிப்ஸ் ரோடு 2002ல அடிச்சிட்டுப் போனது, அதுக்கு மேல நடந்துதான் போகணும். மான்டி கிறிஸ்டோ பழைய சுரங்க ஊருக்குப் போற ரோடு 1980 வெள்ளத்துல போச்சு, இப்ப பார்லோ பாஸ்ல இருந்து நாலு மைல் நடை. ரெய்னியர் பார்க்ல கார்பன் ரிவர் ரோடு 2006 நவம்பர்ல போச்சு, ஒண்ணரை நாள்ல அதே பார்க்ல இருக்க பாரடைஸ்ல 18 அங்குலம் மழை பெஞ்ச வெள்ளம் அது. மூணும் அப்புறம் அருமையான நடைபாதை ஆயிருச்சு, இதையும் ஒரு ரோடு சர்வீஸ்னே நான் எடுத்துக்குறேன்.

புது ரோடு பத்தி ஒரு வார்த்தை. 2001ல ரோட்லெஸ் ரூல்னு ஒண்ணு கொண்டு வந்து 58.5 மில்லியன் ஏக்கர்ல பொதுவா புது ரோடு போடக் கூடாதுன்னாங்க, 2025 ஜூன்ல விவசாயத்துறை அதை ரத்து பண்ணப் போறோம்னு அறிவிச்சாங்க. இருக்கறதைப் பாத்துக்கவே காசு இல்லாதவங்களுக்கு இன்னும் ரோடு எதுக்குன்னுதான் எனக்குத் தோணுது, அரசியல் பேசலை, கல்வர்ட் கணக்கு மட்டும் பேசறேன்.

போறவங்களுக்கு நடைமுறை விஷயம் கொஞ்சம். டிஸ்கவர் பாஸ் ஸ்டேட் நிலத்துக்கு, அது நேஷனல் ஃபாரஸ்ட்ல செல்லாது, மாத்தி வாங்கிட்டு நிக்காதீங்க, ஒரு நாள் போறதுன்னா நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸே 5 டாலருக்குக் கெடைக்குது. எந்த ரோடுல எந்த வண்டி, எந்த மாசம்னு காட்டுற மேப் ஃபாரஸ்ட் சர்வீஸே இலவசமா குடுக்குது, போன்ல ஏத்திக்கலாம், மேல சிக்னல் இருக்காது, வீட்லயே எறக்கிக்கோங்க. ஆனா அந்த மேப் அனுமதி மட்டும்தான் சொல்லும், ரோடு இன்னிக்கு எப்படி இருக்குன்னு சொல்லாது, அதுக்கு ரேஞ்சர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்க. இப்ப வர்ற நெறைய புது கார்ல ஸ்டெப்னியே இல்ல, பசை டப்பாவும் ஒரு குட்டி பம்பும்தான், கூர் கல்லு பக்கவாட்டுல கிழிச்சா அந்தப் பசை ஒண்ணும் பண்ணாது, கெளம்புறதுக்கு முன்னாடி டிக்கியைத் தெறந்து பாருங்க. மரம் ஏத்துன லாரி வந்தா நீங்கதான் ஒதுங்கணும், அவரால நிறுத்த முடியாது. பூட்டுன கேட் முன்னாடி பார்க் பண்ணாதீங்க, தீயணைப்பு வண்டி அது வழியாத்தான் போகும். மூடுன ரோடுல வண்டிக்குத்தான் தடை, பெரும்பாலும் நடக்கலாம், போர்டைப் படிச்சிட்டுப் போங்க.

அப்புறம் ஏதாவது ரோட்டை மூடுறதா, ரிப்பேர் பண்றதான்னு திட்டம் போட்டா பொதுமக்கள் கருத்து கேப்பாங்க, நம்ம ஆளுங்க ஒருத்தரும் எழுதறதில்ல. எழுதுனா "ரோட்டை சரி பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, அதை வெச்சு யாரும் எதுவும் பண்ண முடியாது. ரோடு நம்பர், எத்தனாவது மைல், பைப்பு அடைச்சிருக்கா, வாய் தொங்குதா, தண்ணி ரோட்டு மேல ஓடுன தடம் இருக்கா, வெளிப்பக்க ஓரத்துல வெடிப்பு இருக்கா, போட்டோவோட எழுதுங்க, எந்த ரோடு உங்களுக்கு வேணும், எது போனா பரவால்லன்னும் சேத்து எழுதுங்க.